மூன்று மெத்தைகளில் அப்பா விழுந்த விபரம்

பிராங்பேர்ட்
ஏப்ரல் 12

அன்பு மகள் கிருசாந்திக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். என்னுடைய இடது தோள், முதுகடியில் நாரி, வலது காலின் பெருவிரல் மூன்றும் மட்டும் சுகமில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பிரிஸ்பேனில் நீ முழு எலும்போடு இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். நாலு மாதமாகக் கதைக்காத மனிசன் கடிதம் எழுதுகிறாரே என்று சிரிப்பாய், சிரி. போனில் என்றால் அம்மா பறித்துவிடுவா. பொம்பிளைப்பிள்ளை நிலத்தில் உருண்டு சண்டை பிடிக்கிறதென்றால் எனக்குப் போன் எடுக்காதே என்று டிசம்பரில் கத்தினவன் நான்தான். நீயும் எடுக்காமல் விட்டாய். ஒருநாளும் சொல்வழி கேட்காத பிள்ளை, இதை மட்டும் ஏன் கேட்டாய்?

போன மாதம் அம்மா சொன்னா, அடியும் பிடியும் கலந்த உங்கள் எம்.எம்.ஏ. சண்டையில் நின்று அடிப்பதில் நீ கெட்டிக்காரியாம், நிலத்தில் விழுந்தால்தான் தோற்கிறாயாம், மல்யுத்தமோ ஜூடோவோ ஜியு ஜிட்சுவோ ஒன்றை ஒழுங்காகப் பழகு என்று பயிற்சியாளர் சொல்ல நீ குழம்பிப்போய் நிற்கிறாயாம், டிசம்பரைப் போல ஜூன் மாதச் சண்டையிலும் தோற்றால் அணியில் வைத்திருக்க மாட்டார்களாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நாட்டில் எந்த விளையாட்டுச் சங்கத்திலும் முதல்நாள் சும்மா போய்ப் பழகிப் பார்க்கலாம், புரோபெட்ரைனிங் என்பார்கள், உனக்குத் தெரியும்தானே. நாரி நோவுக்கு உடற்பயிற்சி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அறுபத்து மூன்று வயதில் மூன்று சங்கத்துக்கும் போய் மெத்தையில் இறங்கினேன்.

மல்யுத்தத்தில் முதுகு நிலத்தில் பட்டால் தோல்வியாம், அதனால் நான் முன்யோசனையாகக் குப்புறப் படுத்துக்கொண்டேன். குளிர்சாதனப் பெட்டி அளவில் ஒருவன் என்னை அரிசிமூட்டை மாதிரிப் புரட்டினான். மேலே ஏறி அமுக்க இதைப்போல ஒன்றில்லை, ஆனால் உங்கள் சண்டையில் குப்புறக் கிடந்தால் பின்னாலே வந்து கழுத்தை நெரித்துவிடுவார்களே. ஜூடோவில் தடித்த வெள்ளைச் சட்டை தந்தார்கள், அந்தச் சட்டையைப் பிடித்துத்தான் எறிகிறார்கள், சட்டை பறந்த திசையில் நானும் பறந்தேன். உங்கள் சண்டையில் பிடித்து எறியச் சட்டை ஏது? ஜியு ஜிட்சுதான் எனக்குப் பிடித்தது. மல்லாந்து கிடந்தபடியே காலால் கிடுக்கி போட்டு வெல்லலாம். மல்லாந்து கிடப்பதில் எனக்கு இருக்கிற அனுபவம் அம்மாவுக்குத் தெரியும்.

அங்கேதான் விசயம் நடந்தது. என்னோடு பழகியவன் பீலிக்ஸ் என்று ஒரு மாணவன், தங்கமான பொடியன். என் கால் அவன் தோளில் பட்டது. உடனே என் கை தானாகப் பிடியை விட்டு, அவனைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றியது. அதற்குள் கழுத்து அவனிடம் போய்விட்டது. ஐந்து தரம் இப்படியே. இது என்ன ரகசிய உத்தி, தனக்கும் சொல்லித்தர ஏலுமோ என்று மரியாதையாகக் கேட்டான். எஸ்-பான் ரயிலில் வரும்போது எனக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு வந்து உன் டிசம்பர் சண்டை வீடியோவைப் போட்டேன். பார்க்கவே மாட்டேன் என்று சொன்ன வீடியோதான், அதற்கு முன் ஆறு தரம் பார்த்திருக்கிறேன். இரண்டாவது சுற்று. நீ கீழே கிடக்கிறாய், உன்னோடு மோதினவளின் கை உன் பிடியில் இருக்கிறது, உன் கால் அவள் தலையில் படுகிறது. நீ கையை விட்டுவிட்டு, அவள் தோளைத் தொட்டு, கண்ணில் ஒற்றுகிறாய். அந்த இடைவெளியில்தான் அவள் உன் கழுத்தைப் பிடித்தாள். மூன்று வயதில் என்னை மிதித்துக்கொண்டு ஓடின உன்னைக் கூப்பிட்டு, கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேணும் பிள்ளை என்று பழக்கினவன் நான். உன்னைத் தோற்கடித்தது நிலமில்லை மகள், நான்தான். அழுகை வந்தது, வெட்கமில்லாமல் பெருமையும் வந்தது.

நேற்று அம்மா எண்ணெய் பூசும்போது, நாரிப் பயிற்சிக்குப் போறவருக்குக் கழுத்திலை ஆருடைய விரல் அடையாளம் எண்டு கேட்டா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டு, ரெண்டு டிக்கெட்டாப் போடுங்கோ எண்டா. ஆகவே ஜூனில் உன் சண்டைக்கு இருவரும் வருகிறோம். மிளகாய்த்தூள் கொண்டுவருவோம், நீ அங்கே வாங்காதே. கறிவேப்பிலைக் கன்று குளிருக்குத் தப்பிவிட்டது.

கீழே கிடந்து வெல்ல ஜியு ஜிட்சு பழகு, எழும்பி வர மல்யுத்தம் கொஞ்சம் பழகு, இது மூன்று மெத்தையில் விழுந்தவனின் புத்திமதி. நீ எடுத்த காரியம் கைகூட என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இந்த ஞாயிறு போன் எடு, நான்தான் முதலில் கதைப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதே, சண்டையில் கால் பட்டால் பட்டபடி கிடக்கட்டும், நீ பிடியை விடாதே. முன்வரிசையில் நான் இருப்பேன், உனக்காக ஒவ்வொரு தரமும் நான் கும்பிடுகிறேன்.

உன் அப்பா,
கதிர்காமநாதன்