மலையம்மாள் அக்காவின் மூன்று நிமிடம்

ஜூன் 3

பட்டா மனு, பென்ஷன் மனு, கோழி தொலைந்த மனு. மதியம் சென்னையிலிருந்து எம்.எல்.ஏ. அக்காவின் போன். குரலே சரியில்லை.

"ஏலே இம்மானுவேலு, என்னையப் பேசச் சொல்லிட்டாகடா. மூணு நிமிசம்."

மலையம்மாள் அக்கா ஜெயித்து இரண்டு வருடம் ஆகிறது. சட்டமன்றத்தில் இதுவரை அவர் வாய் திறந்தது கொட்டாவிக்கு மட்டும்தான். ஏலக்காய் விலை பேசினால் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற குரல், மன்றத்துக்குள் போனால் அடைத்துக்கொள்கிறது. போன மாதம் எதிர்க்கட்சிக்காரர்கள் அவர் படத்தில் வாய்க்குப் பூட்டு வரைந்து சுவரொட்டி ஒட்டினார்கள்.

எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டேன். "ஏதோ செல்லாம். சட்டம் வருதாம்."

அக்காவின் உதவியாளர் என்ற முறையில் பேச்சு எழுதுவது என் வேலை. உட்கார்ந்தேன். மேகமலையில் டவர் இல்லை, எஸ்டேட் ஆட்கள் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கிறார்கள், ஒருவருடைய கல்யாணப் பேச்சே பாதியில் கட் ஆகிவிட்டது... அருமையாக வந்தது. எனக்கே கண் கலங்கியது.

ஜூன் 4

சட்டமுன்வடிவின் நகல் வந்தது. அந்த செல் இல்லை.

ஜூன் 6

பியூயல் செல். தமிழில் எரிபொருள் மின்கலம். நான் பி.ஏ. வரலாறு, இரண்டு மொழியிலும் புரியவில்லை. அக்கா ஊருக்கு வந்திருந்ததால் இயற்பியல் ஆசிரியர் ஜெபராஜ் சாரை அழைத்துவந்தேன்.

சார் சொன்னது: ஒரு பெட்டி. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயு போகும், மறுபக்கம் காற்று. தீ இல்லை, புகை இல்லை, மின்சாரம் வரும். விலை கூடுதல் என்பதால் வாங்க ஆள் இல்லை. மின்வாரியம் குறிப்பிட்ட பங்கை இதிலிருந்து வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டால் பெட்டி வைக்க ஆட்கள் வருவார்கள், போகப்போக விலையும் இறங்கும்.

அக்கா தலையாட்டிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டார். சார் கிளம்பும்போது, "மிச்சமா வர்றது வெறும் தண்ணிதாங்கம்மா" என்றார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணியா? குடிக்கலாமா?"

"தாராளமா."

"இத மொதல்லயே சொல்ல மாட்டீகளா சார்?"

ஜூன் 9

'கவர்மெண்டு பெட்டி, தண்ணி வரும்' என்று எப்படியோ பரவிவிட்டது. மாலையில் நாலைந்து பேர் வந்து, எத்தனை மணிக்குத் திறப்பாக, காந்தி ஜெயந்திக்கு லீவு உண்டா என்று விசாரித்தார்கள். அந்தத் தண்ணி இல்லைய்யா என்று சொல்லி அனுப்பினேன். ஏமாற்றம் தாங்காமல் ஒருவர் மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு கோம்பையிலிருந்து சங்கிலியம்மாள். மடி நிறையப் பழைய டார்ச் செல்கள்.

"கவர்மெண்டுல செல்லு வாங்குறாகளாமே தம்பி. இது முழுசாத் தீரல. வெயில்ல வச்சா எரியும்."

வாங்கி வைத்துக்கொண்டேன். ஓட்டு இருக்கிறதே.

ஜூன் 12

அக்காவின் தோப்பில் ஒத்திகை. வாழைகள்தான் உறுப்பினர்கள், தார் தள்ளியது அமைச்சர்.

ஹைட்ரஜன் அக்கா வாயில் நிற்கவில்லை. "ஐட்ராஜன்" என்றார். தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அவர் கணவர் சுருளி அண்ணன், "யாரு அந்த ராஜன்? கூடலூர்ப் பக்கமா?" என்று கேட்டுவிட்டார். அக்கா அவரை வைதார் பாருங்கள், தடங்கலே இல்லை, மூச்சுகூட வாங்கவில்லை. மூன்று நிமிடம் தாண்டியிருக்கும்.

மறுபடி வாழைப் பக்கம் திரும்பியதும் பேச்சு நின்றுவிட்டது. வரப்பில் உட்கார்ந்தார்.

"அங்கன எந்திரிச்சாலே எல்லாம் மறந்துபோகுதுடா. எல்லாரும் படிச்சவுக. நான் ஒளறிட்டா ஊருக்கே அசிங்கம்ல? அடுத்த தடவ சீட்டும் கிடைக்காது."

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா, அழுகையா? எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தேன்:

"அமைச்சரச் சுருளி அண்ணன்னு நெனச்சுக்கங்கக்கா."

ஜூன் 18, சென்னை

பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். பேரவைத் தலைவர் பெயரைச் சொல்லி அழைத்தார். அக்கா எழுந்தார். பேச்சு வரவில்லை. கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எதிர்வரிசையில் ஒருவர் தன் வாயில் சாவி திருகுவதுபோல் சைகை காட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டார். தாளைக் கீழே வைத்தார். அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க! கரன்ட்ட வாங்குறோம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீகளே, கூட வர்ற தண்ணிய என்ன பண்ணுவீக? அதுக்கு ஒரு வரி இருக்கா?"

மன்றமே சிரித்தது, அந்த 'ஏங்க'வுக்கு. அமைச்சர் காது சிவந்தது.

"சிரிங்க. கோடையில குடத்தோட நிக்கிறவ சிரிக்க மாட்டா. பெட்டி எங்க மண்ணுல இருக்கும், கரன்ட் ஒங்களுக்கு, தண்ணி சாக்கடைக்கா?"

சிரிப்பு நின்றது. அமைச்சர் அதிகாரிகளைப் பார்த்தார். அதிகாரிகள் தாளைப் புரட்டினார்கள். சட்டம் முழுக்கத் தேடியும் தண்ணீர் இல்லை. அமைச்சர் எழுந்து, உறுப்பினர் சொல்வது நியாயம், வெளிவரும் நீரை அந்தந்த ஊருக்கே தரவேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறோம் என்றார்.

"சரி, உக்காருங்க" என்றார் அக்கா.

உட்கார்ந்துவிட்டார்!

ஜூன் 20

சட்டம் நிறைவேறியது. ரயிலில் அக்கா தேனி வரை தூங்கினார். 'ஏங்க' விவகாரம் சுருளி அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றார். அண்ணன் டி.வி.யில் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு வராமலே இருந்துவிட்டார்.

ஜூன் 21

எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஜெபராஜ் சாரிடம் இன்றுதான் கேட்டேன். சின்னப் பெட்டி என்றால் நாளுக்கு நாலைந்து குடமாம்.

ஐயோ.

பிப்ரவரி 11

மார்க்கையன்கோட்டையில் முதல் பெட்டி. மின்வாரியம் வாங்க ஒப்பந்தம் போட்டாயிற்று. ஊரே குடத்தோடு வந்திருந்தது. பெட்டியைப் போட்டார்கள், சத்தமே இல்லை.

"ஓடுதா?"

"ஓடுது."

"அட, சும்மா சொல்றாகப்பா."

அக்கா குழாயைத் திறந்தார். சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. இந்தச் சொட்டுக்கா சட்டமன்றத்தில் அவ்வளவு சண்டை? கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பழியை என் தலையில் போட்டுவிடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நியாயம்தான். அக்கா உள்ளங்கையில் பிடித்துக் குடித்தார்.

"ருசி இல்ல" என்றார். "அளவும் இல்ல. நான் ஆறே வரும்னு நெனச்சுட்டேன், கேக்காமப் பேசுனது ஏந்தப்பு. இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத்தான் காணும். மத்தவுகளுக்கு வேற வழி நானே போயிக் கேக்குறேன்."

"எப்பக்கா கேப்பீக?" என்றது ஒரு பெண் குரல்.

"அடுத்த கூட்டத்துல."

திட்டிக்கொண்டேதான் கலைந்தார்கள். ஆனால் என்னைத்தான் திட்டினார்கள்.

மார்ச் 24, சென்னை

இன்று குடிநீர் மானியக் கோரிக்கை. அக்கா அவராகவே பெயர் கொடுத்திருந்தார். எழுதித் தரவா என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அதே மூன்று நிமிடம்தான். சின்னமனூரில் தொடங்கி, தண்ணீர் இல்லாத ஊர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பேரவைத் தலைவர் மணி அடித்தார். மறுபடியும் அடித்தார்.

"இருங்கய்யா" என்றார் அக்கா. "இன்னும் கம்பத்துக்கே வரல."