மூன்றாவது நிறம்

அன்புள்ள வண்டுராணிக்கு,

சித்தப்பாவின் ஆயிரத்தெட்டு ஆசீர்வாதம். இங்கே நான், உன் சித்தி, பேனாவைக் கண்டாலே கொட்டாவி விடும் உன் அப்பா, எல்லாரும் சுகம். என் கோபம்தான் சுகமில்லை, உன் கடிதம் வந்ததிலிருந்து இறங்காத ஜுரமாய் அடிக்கிறது.

அது என்னம்மா அநியாயம்? ஓடைக்கரையில் குப்புறப் படுத்து, கொசுப் பட்டாளத்துக்கே ரத்த தானம் செய்து, உலகத்தில் எவனும் பார்க்காத ஒரு வண்டை நீ கண்டுபிடிப்பாயாம். கறுப்பு, சிவப்பு, ஓரத்தில் தங்கம் என்று அதன் முதுகில் மூன்று நிறம் மின்னுமாம். அதனால் 'டிரைகலர்' என்று பெயர் வைக்கலாம் என்று நீ சொன்னால், உன் பேராசிரியர் பெட்டியில் குத்திவைத்த செத்த வண்டை எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கம் எங்கம்மா இருக்கு? ரெண்டு நிறம்னே பேர் வச்சிடு" என்பாராம். செத்தால் தங்கம் மங்கிவிடும் என்று நீ சொன்னது அவர் காதில் ஏறவில்லையாம், நீயும் தலையாட்டிவிட்டு, ரெண்டு நிறம் என்றே எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறாயாம். படித்ததும் நான் போட்ட கூச்சலில் மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. அது பழைய விரிசல் என்கிறாள் சித்தி, நம்பாதே.

எனக்கு ஏன் இப்படிப் பொத்துக்கொண்டு வருகிறது என்றால், அந்த வார்த்தைதான் எனக்கும் சோறு போடுகிறது. ஒரு கொக்குக்கும் ஒரு தோட்டத்துப் பூவுக்கும்கூட அதே பெயர்தான் என்று நீதானே முன்பு எழுதினாய்? நான் சமைக்கும் இத்தாலியச் சாப்பாட்டுக் கடைப் பலகையில் அதுவே 'திரிகொலோரே' என்று கொலுவிருக்கிறது. சிவப்புக்குத் தக்காளி, வெள்ளைக்குப் பாலாடைக்கட்டி, பச்சைக்குத் துளசியின் பணக்காரத் தங்கை மாதிரி ஓர் இலை. நான் அடுக்கிய தட்டைப் பார்த்தால் சக்கரவர்த்திகளும் கிரீடத்தைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்கள். புதிதாக வந்த மேனேஜர் சொல்கிறான், "மேசைக்குப் போறதுக்குள்ள இலை வாடிடுதுண்ணே, சிவப்பும் வெள்ளையும் போதும், பேரு அப்படியே இருக்கட்டும்" என்று. உன் பேராசிரியரின் ஒன்றுவிட்ட தம்பியேதான்! கூடம் நிறைய ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சாக்பீஸை எடுத்துப் பலகையிலிருந்த பெயரைக் குறுக்கே அடித்தேன். அன்றிலிருந்து பின்கட்டில் இமயமலை உயரத்துக்கு உருளைக்கிழங்கு உரிக்கிறேன்.

சித்தப்பா தோற்றான் என்று நினைத்துவிடாதே. நேற்று ஈரத்துணியில் இலையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். ருசி பார்க்க மேனேஜர் மேசைக்குப் பச்சையில்லாத தட்டு போனது, நானும் பின்னாலேயே ஓடி, அவன் மூக்குக்கு நேரே இலையைக் கிள்ளிப் போட்டேன். வாசனை ஏறியதும் தட்டை வழித்துத் தின்றான். பிறகு, "ஏண்ணே, கடைசியா போட்டா வாடாதுல்ல?" என்று என்னிடமே கேட்கிறான், ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி! உருளைக்கிழங்கு இன்னும் என் தலையில்தான், ஆனால் இலை தட்டுக்கு வந்துவிட்டது.

ஆகையால் கண்ணு, பேனாவை மூடு. நீ கண்ணால் பார்த்த தங்கத்தை இல்லை என்று எழுதிக்கொடுக்காதே. உயிரோடு ஒரு வண்டைப் பிடித்துக்கொண்டு போய் அந்த மனுஷன் உள்ளங்கையில் விடு. பறந்துபோனால் போகட்டும், அதற்குள் பார்த்திருப்பார்.

நூறு வண்டுக்குப் பெயர் வைத்து நீ நீடூழி வாழ்க. ஈரக் காலுறையோடு தூங்கக் கூடாதாம், இது சித்தியின் உத்தரவு.

உருளைக்கிழங்கு மலையடிவாரத்திலிருந்து,
இன்னும் கோபம் தணியாத
உன் சித்தப்பா