கலரியில் எழும்பக் கூடாது

செப்டெம்பர் 12, வெள்ளி

ஜஸ்ரின் இன்று எங்கள் மீனவப் பெண்கள் சங்கத்துக்கு வந்தான். எங்கள் எம்பியின் இணைப்பாளர். முப்பது வயது இருக்கும், எந்த நேரமும் காலில் சுடுதண்ணி ஊற்றிய மாதிரித்தான் நிற்பான். ஒக்டோபர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தில் எங்கள் படகைப் பற்றி எம்பி கதைக்கப் போகிறாராம். என் புருசன் சிமியோனும், கூட்டாளி ஜெயசுதனும் தொழிலுக்குப் போன படகு.

இரண்டரை வருடமாக, "காலநிலை சீரின்மையால் படகு கவிழ்ந்தது" என்று எழுதி மூடி வைத்திருக்கிறார்கள். காலநிலையாம்! அன்றைக்குக் குருநகர்க் கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரிக் கிடந்தது. இழுவைப் படகு இடித்து உடைத்த பக்கத்தை நான் என் கையால் தடவிப் பார்த்தவள். விசாரணையைத் திரும்பத் தொடங்கச் சொல்லி எம்பி கேட்பார், அமைச்சர் அன்றைக்கே பதில் சொல்லுவார்.

"நீங்கள் பொம்பிளையள் பன்னிரண்டு பேர் மேலை பார்வையாளர் கலரியிலை இருந்தியள் எண்டா, அமைச்சருக்கு நிமிந்து பாக்காமல் இருக்கேலாது அக்கா" என்றான்.

வாறம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டெம்பர் 15, திங்கள்

விதிகளைக் கேட்டால் பூசைக்கே இவ்வளவு ஒழுக்கமாக நாங்கள் போனதில்லை. அடையாள அட்டை இல்லாவிட்டால் வாசலோடு திருப்பி விடுவார்கள். இலக்கங்களை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். ஃபோன், கைப்பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் கீழே கொடுத்துவிட வேண்டும். உள்ளே போனால் கதைக்கக் கூடாது, கை தட்டக் கூடாது, கை காட்டக் கூடாது, கம்பியில் சாயக் கூடாது. இருந்த இடத்தை விட்டு எழும்பக் கூடாது. நித்திரையும் கொள்ளக் கூடாதாம்.

"நித்திரை கொள்ளக் கூடாதெண்டது மேலை இருக்கிற எங்களுக்கு மட்டுமோ தம்பி, கீழை இருக்கிற ஆக்களுக்குமோ?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"பகிடி விடாதேங்கோ அக்கா. ஒராள் சத்தம் போட்டாலும் வெளியிலை கொண்டுபோய் விட்டிடுவினம். பிறகு அமைச்சர் அதையே சாட்டாப் பிடிச்சு, உவை குழப்பம் செய்ய வந்தவை எண்டு சொல்லி இருந்திடுவார். எங்கடை விசயம் அதோடை சரி."

எனக்கு உடனே மாமியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

செப்டெம்பர் 16, செவ்வாய்

மாமி என்றால் சிமியோனின் தாய், அருமைநாயகி. ஜெயசுதனின் உடல் மூன்றாம் நாள் கரைக்கு வந்தது. சிமியோன் வரவில்லை. அதனால் மாமியின் கணக்கில் அவர் சாகவில்லை. எங்கேயோ ஒரு நாட்டுச் சிறையில் பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கிறார். போன மாதம் வீட்டுக்கு வந்த ஓர் அதிகாரி, "காலஞ்சென்ற சிமியோன்" என்று வாசித்தவுடன் மாமி செருப்பைக் கழற்றிவிட்டார். அந்த மனிதன் படலை வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து போனார்.

எம்பியும் அதைத்தானே சொல்லப் போகிறார். மாமி கலரியில் இருந்துகொண்டு அதைக் கேட்டால்?

செப்டெம்பர் 18, வியாழன்

பதினொரு பேரின் இலக்கங்களை ஜஸ்ரினுக்கு அனுப்பினேன். மாமியின் இலக்கத்தை அனுப்பவில்லை. ஓம், வேண்டுமென்றேதான். வேறு என்ன செய்ய?

செப்டெம்பர் 20, சனி

பிடிபட்டேன். நிமலினி வாய் தவறி உளறிவிட்டாள். அவள் ஜெயசுதனின் மனைவி, நல்லவள், ஆனால் அவளுக்கு ஒரு கதையைக் கொடுத்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்த மாதிரி.

மாமி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. நேரே ஓட்டோ பிடித்து ஜஸ்ரினின் அலுவலகத்துக்குப் போய்விட்டார். பின்னாலே நான் ஓடிப் போய்ச் சேர, அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ரை பிள்ளையைப் பற்றிக் கதைக்கேக்கை நான் வீட்டிலை இருந்து மீனுக்குச் செதில் சுரண்டுறதோ? அமைச்சர் சிங்களத்திலைதானே பதில் சொல்லுவார். உவையிலை ஆருக்கு விளங்கும்?"

அது உண்மை. மாமி வளர்ந்தது நீர்கொழும்பில், சிங்களம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. எங்களில் மற்ற ஒருத்திக்கும் ஓம், இல்லை என்கிற "ஓவ்", "நே" தவிர வேறொன்றும் தெரியாது. ஜஸ்ரின் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். மாமியின் இலக்கத்தை எழுதிக்கொண்டான்.

வரும் வழியில் மாமி ஒரு வசனம்தான் சொன்னார். "நீ எனக்கு ஒளிச்சிட்டுப் போகப் பாத்தனி."



ஒக்டோபர் 1, புதன்

பங்குக் கோயில் மண்டபத்தில் ஒத்திகை. பிளாஸ்ரிக் கதிரைகளை மூன்று வரிசையாகப் போட்டு, நான் காவலர் மாதிரிப் பின்னால் நின்றேன். "கால் மேலை கால் போடாதேங்கோ. முன்னாலை சாயாதேங்கோ. ரெஜினாக்கா, கிசுகிசுக்கக் கூடாது." வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம் நான்.

பிறகு எம்பி கதைப்பது மாதிரி நிமலினி வாசித்தாள். இறந்தவர்கள் என்ற சொல் வந்ததுதான் தாமதம்.

"ஆரடி செத்தது!"

மண்டபமே அதிர்ந்தது. மாமி எழும்பி நிற்கிறார், கதிரை பின்னால் விழுந்து கிடக்கிறது. நானும் கத்திவிட்டேன். "மாமி, அங்கை உப்பிடிச் செய்தியள் எண்டா எல்லாரையும் துரத்திப்போடுவாங்கள். உங்கடை மகனுக்கு எண்டு இருக்கிற ஒரே வழியை நீங்களே அடைக்கப் போறியளோ?"

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். மாமி கதிரையைத் தானே நிமிர்த்தி வைத்து இருந்தார். அதன்பிறகு இரண்டு தடவை வாசித்தும் வாய் திறக்கவில்லை. ஆனால் கைவிரல்கள் சேலைத் தலைப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

அவரை நம்பி எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? கர்த்தரே.

ஒக்டோபர் 4, சனி

நிமலினி கேட்டாள், இந்த முறையாவது சிமியோனண்ணையின் பெயரைக் கொடுக்கிறியா என்று. நவம்பர் 2, மரித்தோர் திருநாளைத்தான் சொல்கிறாள். எங்கள் பங்கில் அன்றைக்குப் பூசையில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் கேட்டவுடன் அந்த வீட்டார் எழும்புவார்கள். கடைசிப் பெயர் வாசித்து முடியும்வரைக்கும் திரும்ப இருக்க மாட்டார்கள், நின்றபடியே கேட்பார்கள். அதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை, காலுக்கே தெரியும்.

இரண்டு நவம்பரும் நிமலினி எழும்பி நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன். பெயரைக் கொடுத்தால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று மாமி சொல்லியிருந்தார். சுற்றிவர எல்லோரும் நிற்க, புருசன் இல்லாத நான் மட்டும் புருசன் இருக்கிறவள் மாதிரிக் குந்திக்கொண்டிருந்தேன். அந்த வெட்கம் எனக்கு மட்டும்தான் தெரியும். அவரை நினைத்து ஊரறிய அழ எனக்கு ஓர் இடம் இல்லை.

"கேக்காதை நிமலினி" என்றேன்.

ஒக்டோபர் 8, புதன்

காலையில் பஸ் எடுத்தோம். மாமி யன்னலோரம். பின்னேரம் கொழும்பு. கன்னியர் மடம் ஒன்றில் தங்கியிருக்கிறோம். எல்லோரின் அடையாள அட்டையையும் இரண்டாம் தடவை பார்த்துவிட்டேன்.

மாமி ஏன் ஒன்றும் கதைக்கிறார் இல்லை? கத்தினாலாவது மனம் ஆறும்.

ஒக்டோபர் 9, வியாழன்

எழுத வேணும். எழுதாவிட்டால் தலை வெடிச்சிடும்.

பாராளுமன்றத்தைச் சுற்றித் தண்ணீர். "இவ்வளவு தண்ணியை வைச்சுக்கொண்டு ஒரு வலையையும் காணேல்லை" என்றார் ரெஜினாக்கா. அதோடு எங்கள் சிரிப்பு முடிந்தது. வாசலில் சோதனை, பிறகு இன்னொரு சோதனை. ஃபோன்களைக் கொடுத்தோம். மாமியின் செபமாலையைக் காவலர் பெண் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கலரியில் மாமியை எனக்குப் பக்கத்தில் இருத்தினேன். வாயைத் திறந்தால் கையால் பொத்தலாம் என்று. அப்படித்தான் நினைத்தேன், ஒளிக்க என்ன இருக்கிறது. கீழே அரைவாசிக் கதிரை வெறுமை. எங்கள் எம்பி எழும்பினார். நான் மாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடித் துடிப்பு என் விரலுக்குத் தெரிந்தது.

"கடலிலே உயிரிழந்த இருவரின் பெயர்களையும் இந்தச் சபையிலே வாசிக்க விரும்புகிறேன்" என்றார்.

ஜெயசுதனின் பெயரை வாசித்தார். நிமலினி குனிந்துகொண்டாள்.

சிமியோனின் பெயரை வாசித்தார்.

நான் எழும்பி நிற்கிறேன்.

நானா? ஓம், நான்தான். மாமி இல்லை. எல்லோருக்கும் படிப்பித்த நான். எப்போது எழும்பினேன் என்றே தெரியாது. காவலர் வந்து கையால் இருக்கச் சொல்லிக் காட்டினார். எனக்கு விளங்கியது. ஆனால் இருக்க முடியவில்லை. பெயர் வாசித்தபின் எப்படி இருப்பது? இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவரின் பெயரை எல்லோரும் கேட்க வாசித்திருக்கிறார். நான் அவரின் மனைவி. நான் நிற்க வேணும்.

இன்னொரு காவலரும் வந்தார். முழங்கையில் மெதுவாகப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே கூட்டத்தைப் பார்த்தபடி கல்லு மாதிரி இருந்தார்.

வெளியே விறாந்தையில் என்னை இருத்தி, தண்ணீர் தந்தார்கள். எனக்குப் பின்னாலேயே ஓடிவந்த ஜஸ்ரின் அவர்களிடம் கெஞ்சி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினான். "படிப்பிச்சது நீங்கள்தானே அக்கா. நீங்கள்தானே!" அழுகிற குரல்.

மற்றவர்கள் வெளியே வந்தபோது, அமைச்சர் என்ன சொன்னவர் என்று நிமலினியைக் கேட்டேன். "சிங்களம் எனக்கென்ன தெரியும். மாமிக்குத்தான் விளங்கினது" என்றாள். மாமி என்னைத் தாண்டி நடந்து போய்விட்டார்.

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ?

ஒக்டோபர் 10, வெள்ளி

திரும்பி வருகிற பஸ் மாங்குளத்தைத் தாண்டியது. பிறகுதான் மாமி யன்னலைப் பார்த்தபடியே தொடங்கினார்.

"திரும்ப விசாரிக்கினமாம். காலநிலை எண்டு எழுதினது பிழையா இருக்கலாமெண்டு அந்தாளே சொன்னார். ஆக்களை அனுப்புவினமாம், எங்களட்டையும் கேட்டு எழுத."

மூச்சு வந்தது எனக்கு. "நான் எழும்பினதைப் பற்றி?"

"ஒண்டும் சொல்லேல்லை. நிமிந்து ஒருக்காப் பாத்தவர்."

மாமி செபமாலையை விரலில் சுற்றினார்.

"ரெண்டு குடும்பத்துக்கும் அனுதாபம் எண்டு சொன்னார். செத்த ரெண்டு பேரின்ரை குடும்பத்துக்கும்."

அந்தச் சொல்லை மாமியின் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. "நீங்கள் சத்தம் போடேல்லையோ மாமி?" என்று கேட்டேன்.

"நீ எழும்பிப்போட்டாய். நானும் எழும்பினா பதிலை ஆர் கேக்கிறது?" என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "நீ ஏன் எழும்பினனி எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ரெண்டு வருசமா நான்தானே உன்னை இருத்தி வைச்சனான்."

நான் அழுதேன். பஸ்ஸில் பாட்டுப் போட்டிருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒக்டோபர் 24, வெள்ளி

சொன்ன மாதிரி இரண்டு பேர் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். மாமி தேத்தண்ணி கொடுத்தார். செருப்பு காலிலேயே இருந்தது.

முடிவு என்ன வருமோ தெரியாது. உடைந்த பக்கத்தைப் படம் எடுத்தார்கள். இரண்டரை வருடத்தில் ஒருவரும் செய்யாத வேலை.

ஒக்டோபர் 29, புதன்

மாமி தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தார். எதற்கு என்று கேட்டேன். "பேரைக் குடுத்திட்டன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

கோயில் நிறைந்த சனம். ஃபாதர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பிக்கொண்டிருந்தார்கள். நிமலினி எழும்பினாள்.

சிமியோனின் பெயரை வாசித்தார்.

என்னால் எழும்ப முடியவில்லை. பாராளுமன்றத்தில் என்னைக் கேட்காமலே எழும்பிய கால், இங்கே மரத்துப் போய்விட்டது. இனி உண்மைதான், அவர் இல்லை, இனி வரமாட்டார் என்று அந்த நேரம்தான் எனக்குள் இறங்கியது. அதுவரைக்கும் நானும் மாமியின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒளிந்துதான் இருந்திருக்கிறேன்.

மாமி எழும்பிவிட்டார். குனிந்து, என் அக்குளில் கை கொடுத்தார்.

"எழும்பு பிள்ளை. இஞ்சை ஒருத்தரும் உன்னை இருக்கச் சொல்லமாட்டினம்."

எழும்பினேன். ஃபாதர் அடுத்த பெயரை வாசித்தார்.