ஏழாம் பெட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

இன்று காலை எங்கள் வார்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். படித்து முடித்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வெள்ளைக் கோட்டில் சொட்டு நீலம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. சரியாகக் காயாத துணி வாடையும் அந்த நீலத்தின் வாடையும் சேர்ந்து அடித்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. வரக்கூடாது என்றுதான் ஒன்பது வருடமாக ஜாக்கிரதையாக இருந்தேன். நீ செத்து ஐந்து மாதமாகிறது. இனி உன்னிடம் நேரில் சண்டை போட வழியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு வருடம் ஒன்றாக நர்சிங் படித்துவிட்டு, தேனியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ வருசநாடு, நான் கெங்குவார்பட்டி. ஆளுக்கொரு திசையில் பஸ் பிடித்துக் கட்டுப்படியாகாது என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கோட்டையும் சேர்த்து நீதான் துவைப்பாய். எத்தனை தடவை சொன்னாலும் நீலத்தை அள்ளி ஊற்றுவாய். நாம் இருவரும் வானத்து நிறத்தில் டியூட்டிக்குப் போய் நிற்போம், டாக்டர் சிரிப்பார்.

முதல் வாரம் நரம்பு தேடி ஊசி குத்தும்போது எனக்கு இரண்டு தடவை தவறிவிட்டது. நோயாளியின் மகன், "புதுசா?" என்று கேட்டுவிட்டார். நீ முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "அக்காவுக்கு நாலு வருச சர்வீசு. நேத்து ஊர்ல இருந்து வந்த அசதி" என்றாய். உன் பொய் எனக்கு அன்று அவ்வளவு பிடித்திருந்தது. இவள் பக்கத்தில் இருந்தால் எதையும் சமாளித்துவிடலாம் என்று நம்பினேன். முட்டாள்தனம் என்று இப்போது சொல்வது எளிது. அன்று எனக்கு உன்னை விட்டால் யாருமில்லை.

பெண்கள் வார்டில் நமக்கு யார் பெயரும் தெரியாது. பன்னிரண்டு பெட், பன்னிரண்டு நம்பர். "ஏழுக்கு சுகர் பாத்தாச்சா", "எட்டுக்குக் காய்ச்சல் விட்டுச்சா" என்றுதான் பேசுவோம். பெரியவர்கள் அப்படிப் பேசினார்கள், நாமும் பழகிக்கொண்டோம். நோயாளிகளே தங்களை நம்பராகத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தாய். உன் அம்மா போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். தலையைப் பின்னிக்கொண்டே மாடிப்படியில் என்னை நிறுத்தினாய். "ஏ புள்ள, ஏழுக்கு இன்சுலின் போட்டுட்டேன். சார்ட்ல நீ கையெழுத்துப் போட்டுரு. பஸ்ஸு போயிரும்" என்றாய். ஊசி போட்டவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நமக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தந்த பாடம். ஆனால் போட்டது நீ, கேட்டது நீ. நான் போய்க் கையெழுத்துப் போட்டேன். பெரிய ஒழுங்குக்காரியாட்டம், வாட்சைப் பார்த்துப் பன்னிரண்டு பத்து என்று நேரம் வேறு எழுதினேன்.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, ஏழாம் பெட்டில் படுத்திருந்தவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வாய் குழறியது. பார்த்தால் அவள் ஏழே இல்லை, எட்டு! குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவள், காய்ச்சலுக்காக வந்து சேர்ந்திருந்தாள். ஃபேனுக்கு நேர் கீழே குளிர்கிறது என்று, சர்க்கரைக்காரப் பாட்டியும் இவளும் தங்களுக்குள் பேசிக் கட்டிலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. நீ வந்து, "ஏழுதான?" என்று கேட்டிருக்கிறாய். அவளும் கட்டிலைப் பார்த்துவிட்டு, "ஏழு தன்னே" என்று மலையாளத்தில் ஆமோதித்திருக்கிறாள். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாத வயிற்றில் நீ இன்சுலின் போட்டிருக்கிறாய். சர்க்கரை அதலபாதாளத்தில் கிடந்தது. நான்தான் டாக்டரைக் கூப்பிட்டேன், நான்தான் குளுக்கோஸ் ஏற்றினேன். மூன்று மணிக்குக் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

உனக்குப் போன் போட்டேன். பின்னால் விருந்தாளிகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். "நாளைக்கு வந்து நானே சொல்லிர்றேன். நீ பயப்படாத" என்றாய். நான் பயப்படவில்லை. அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

மறுநாள் பெரிய டாக்டர் அறையில் இன்சார்ஜ் சிஸ்டர் சார்ட்டை விரித்து வைத்துக் கேட்டார்கள். நீ என்னைப் பார்க்கவில்லை. "நான் போடலக்கா. பன்னெண்டு மணிக்கே கிளம்பிட்டேன். இவுக போட்டாக போல" என்றாய்.

இவுக. நான்கு வருடத்தில் ஏ புள்ள, ஏ கழுதை தவிர நீ என்னைக் கூப்பிட்டதில்லை. ஊரில் மரியாதைக்குச் சொல்கிற அந்த வார்த்தையால் ஒரே நொடியில் என்னை யாரோ ஆக்கிவிட்டாய். போட்டது இவள்தான் என்று நானும் கத்தினேன். கையெழுத்து என்னுடையது, நேரம் என் எழுத்து. நீ கிளம்பிய நேரம் ரிஜிஸ்டரில் பன்னிரண்டு என்று இருந்தது. காய்ச்சல்காரிக்கு அந்தக் கேள்வியையும் வெள்ளைக் கோட்டையும் தவிர எதுவும், முகம்கூட, ஞாபகமில்லை. நானாகவே விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அனுபவச் சான்றிதழ் தரவில்லை. எட்டு மாதம் எந்த ஆஸ்பத்திரியும் என்னை எடுக்கவில்லை. ஊரில் நான் தப்பு ஊசி போட்ட புள்ள. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, வெளியே போவதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

உனக்கு முந்தின நாள்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வேலை போனால் அதுவும் போய்விடும் என்று பயந்திருப்பாய். அதைப் புரிந்துகொள்ள எனக்கு அறிவு இருக்கிறது. பொறுத்துக்கொள்ளத்தான் மனசு இல்லை. பிறகாவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்பத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் உனக்குத் தெரியும், ஒரு மணி நேரப் பயணம். நீ வரவில்லை.

மஞ்சள் காமாலை முற்றி நீ போய்விட்டாய் என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மூன்றாம் நாள் வருசநாட்டுக்குப் போனேன். அழுவதற்காகப் போகவில்லை. வீட்டாரிடமாவது நீ உண்மையைச் சொல்லியிருப்பாய், என்னைப் பார்த்ததும் யாராவது தலை குனிவார்கள் என்று ஒரு நப்பாசை.

உன் அம்மா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். "உன்னயப் பத்திப் பேசாத நாளில்ல ஆத்தா. அன்னைக்கு நீ ஊசிய மாத்திப் போட்டப்ப, எம்மகதான பெரிய டாக்டர் கால்ல விழுந்து, போலீசுக்குப் போகாமப் பாத்துக்கிட்டா? அவ மட்டும் இல்லைன்னா உம் பொழப்பு என்னாகியிருக்கும்" என்றார்கள்.

என் வேலையை எடுத்துக்கொண்டது போதாதென்று, என்னைக் காப்பாற்றிய புண்ணியத்தையும் நீயே எடுத்துக்கொண்டிருக்கிறாய். சொல்லவேண்டியது எல்லாம் ஒன்பது வருடமாக மனப்பாடமாக இருந்தது. உன் அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று யாரோ சொன்னார்கள். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் சில்லிட்டுப் போயிருந்தன.

"ஆமாம்மா, அவதான் காப்பாத்துனா" என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை. இனி அந்த வீட்டில் என்றைக்கும் நான் தப்பு ஊசி போட்டவள்தான். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், நானே ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் தப்பு இப்போது முழுக்க என்னுடையது. வைத்துக்கொள்கிறேன். ஆனால், நாளைக்கு வந்து சொல்லிர்றேன் என்றாயே, அதைச் சொல்லும்போது நிஜமாகவே சொல்ல நினைத்தாயா? அது ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?