ஒண்டிக்கடையில் கொதித்த தண்ணீர்

ஏற்காடு
6-1-1984

அன்புள்ள என்னவருக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். உங்கள் இருமல் இறங்கியதா? காலைப் பனியில் கழுத்துக்குத் துணி சுற்றாமல் பள்ளிக்குக் கிளம்பாதீர்கள்.

இந்த அரையாண்டுக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாள்களை உங்கள் ஆத்தூர்ப் பள்ளிக்குத்தான் திருத்த அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்த கட்டைப் பிரித்ததும் உங்கள் கையெழுத்தைக் கண்டு சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் முதல் பக்கத்தோடு போயிற்று. ‘நீரின் கொதிநிலை என்ன?’ என்ற கேள்விக்கு என் பிள்ளைகள் அத்தனை பேரும் 95 டிகிரி என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்கும் சிவப்பு மையில் தப்பு. ஒரு தாளின் ஓரத்தில் ‘காப்பி அடித்தாலும் சரியாக அடிக்க வேண்டும்’ என்று வேறு.

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அடுப்பில் தண்ணீரை வைத்து, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுத் தாங்களே பார்த்தது அது. மலை மேல் காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் இங்கே தண்ணீர் நூறுக்கு முன்பே கொதித்துவிடுகிறது.

வாழவந்தி ஊர்க் காளியாயிக்கு முப்பத்து நான்கு மார்க். இந்த ஒரு மார்க் இருந்தால் தேறியிருப்பாள். அவள் அப்பா ஐயாக்கண்ணு முன்னமே சொல்லிவிட்டார்: “ஏனுங்க டீச்சர், அரையாண்டுல புள்ள தேறலைன்னா எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கக் கூட்டிக்கிட்டுப் போயிருவேனுங்க.” தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள்.

உங்கள்
இன்பமேரி


ஆத்தூர்
11-1-1984

அன்புள்ள மேரி,

கடிதமும் கட்டும் வந்தன. இருமல் அப்படியேதான் இருக்கிறது. பொங்கலுக்கு நீ வருவாய் என்று கரும்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

புத்தகத்தில் நூறு என்று இருக்கிறது. பதினைந்து வருடமாக நானும் நூறு என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று எனக்கே பாடம் நடத்துகிறாயா? அதற்காக ஐந்து டிகிரியா குறையும்? ஏற்காடு என்ன இமயமலையா? உன் தெர்மாமீட்டர் பழசாக இருக்கும். இல்லாவிட்டால் தண்ணீரில் ஏதாவது கலந்திருக்கும்.

பெண்டாட்டி கேட்டாள் என்று மார்க் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். என்னிடம் அந்தப் பருப்பு வேகாது.

நீ அங்கேயே உட்கார்ந்திருப்பதால்தான் இத்தனை வம்பும். இங்கே பெண்கள் பள்ளியில் ஓர் இடம் காலியாகிறது. மாற்றல் விண்ணப்பத்தை நானே எழுதி இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அன்புடன்
தேவசிகாமணி


ஏற்காடு
17-1-1984

அன்புள்ள என்னவருக்கு,

பொங்கலுக்கு நான் வராதது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் இந்தக் கோபத்தோடு வந்து இலையில் உட்கார மனம் வரவில்லை.

தண்ணீரில் உப்போ வேறு ஏதாவதோ கரைந்திருந்தால் கொதிநிலை ஏறும், இறங்காது. இது உங்களுக்கு எப்படி மறந்தது? ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துச் சோடாக்கடையில் ஐஸ் வாங்கி நொறுக்கி, அதில் தெர்மாமீட்டரை வைத்தும் பார்த்துவிட்டேன். சரியாகப் பூஜ்யம் காட்டியது. அதில் கோளாறு இல்லை.

பருப்பு என்று நீங்களே ஆரம்பித்ததால் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை இங்கே வந்தீர்கள். இந்த 95 டிகிரிக் கொதியில் வெகு நேரம் எரித்தும் பருப்பு நறுக்கென்று இருந்தது. “பருப்பு வேகவைக்கக்கூடத் தெரியாதா?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். உங்கள் அக்காமாரிடமும் சொல்லிச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ஏழு வருடமாக லீவுக்கு லீவு நான்தான் இறங்கி வருகிறேன். கேட்டால், வளைவில் தலை சுற்றும் என்கிறீர்கள்.

ஒருமுறை ஏறி வாருங்கள். என் அடுப்பில் உங்கள் கையாலேயே தண்ணீரை வைத்துப் பாருங்கள். காளியாயி பள்ளிக்கு வருவதில்லை. நேற்றுக் கூடையோடு போனவள் என்னைக் கண்டு நின்று, “மார்க்கு வந்துருமுங்களா டீச்சர்?” என்றாள். “வந்துரும் கண்ணு” என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்
இன்பமேரி


ஆத்தூர்
30-1-1984

அன்புள்ள மேரி,

சனிக்கிழமை மேலே வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. எங்கள் பள்ளித் தெர்மாமீட்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடையில் இறங்கி, ஒரு டீக்கடையில் கேட்டுக்கொண்டு கொதிக்கிற தண்ணீரில் பிடித்தேன். கடைக்காரர், “ஏனுங்க சார், டீத்தண்ணிக்குக் காச்சலுங்களா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

95தான். எவ்வளவு எரித்தும் அதற்கு மேல் ஏறவில்லை.

குப்பனூர் வழியாகக் கீழே இறங்கும் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்திருந்தால் நீ ஜெயித்த முகத்தோடு நிற்பாய். அதைப் பார்க்க என்னால் முடியாது.

எல்லாத் தாளிலும் மார்க்கைத் திருத்திவிட்டேன். ஆனால் ஒன்று, புத்தகம் தப்பில்லை. ‘சாதாரண வளிமண்டல அழுத்தத்தில்’ என்று அதில் இருக்கிறது. கேள்வி கேட்டவர்தான் அதை விட்டுவிட்டார். இத்தோடு சண்டை போதும். விண்ணப்பத்தை அனுப்பு.

அன்புடன்
தேவசிகாமணி


ஏற்காடு
4-2-1984

அன்புள்ள அவருக்கு,

தாள்கள் கிடைத்தன. காளியாயியின் தாளை எடுத்துக்கொண்டு வாழவந்திக்குப் பஸ் ஏறினேன். ஐயாக்கண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நொம்ப சந்தோசமுங்க. திங்கக்கெழம புள்ளய அனுப்பறனுங்க” என்றார். பிறகு, “ஆத்தூரு சாரு எப்பிடீங்க ஒத்துக்கிட்டாரு?” என்று கேட்டார். நேரில் வந்து பார்த்தார் என்றேன். “அப்பிடீங்களா? ஊட்டுக்கு வந்தவருக்கு என்னங்க டீச்சர் ஆக்கிப் போட்டீங்க?” என்றார். காளியாயிதான் பேச்சை மாற்றினாள்.

ஒண்டிக்கடையிலிருந்து என் வீடு கூப்பிடு தூரம். முன்பின் தெரியாத டீக்கடை அடுப்பை நம்பினீர்கள், துண்டில் சுற்றிவந்த தெர்மாமீட்டரை நம்பினீர்கள். நான் சொன்னதை நம்பவில்லை. மார்க்குக்காகப் பட்ட கோபத்தைவிட இது அதிகமாக வலிக்கிறது.

கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். புத்தகத்துக்காகப் பேசியிருக்கிறீர்கள். அந்தத் தட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பிள்ளைகள் தாளில் போட்ட தப்பை அடித்துவிட்டீர்கள், எனக்குப் போட்டது அப்படியே இருக்கிறது.

விண்ணப்பத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். இனி லீவுக்கும் நான் இறங்கி வரவில்லை. இந்த ஊரில் பருப்பை முதல் நாளே ஊறப்போட வேண்டும் என்று அந்த வருடமே கற்றுக்கொண்டேன். இப்போது குழைய வேகிறது. தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

இருமலுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். உங்கள் ஊரில் அது நன்றாகவே கொதிக்கும்.

இன்பமேரி