பக்கச் சுவரில் இருந்த மீட்டர்கள்

மார்ச் 3, செவ்வாய்

மேஸ்திரி வந்து வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் கிடக்கும் பக்கச் சந்து இடத்தை அளந்துவிட்டுப் போனார். ஓர் அறை, குளியலறை, மூலையில் சின்னதாக ஓர் அடுப்பு மேடை, தெருவைப் பார்த்துத் தனி வாசல்.

"யாருக்குக்கா, வாடகைக்கா?"

"வீட்டுக்காரருக்கு" என்றேன்.

வீட்டு ஓனரைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். "ஓனர் கூடவே இருந்தா தொல்லைதான்க்கா" என்று ஆறுதல் சொன்னார். நான் திருத்தவில்லை.

இவர் ஓய்வு பெற்றதிலிருந்து இந்த வீட்டில் எதெது சரியில்லை என்று கண்டுபிடிப்பதே முழுநேர வேலை. ஜன்னல் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். போன மாதம் காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன், இனிமேல் சேர்ந்து இருக்க என்னால் முடியாது என்று. இவர் சத்தம் போடவில்லை. "சரி. எங்க போறது?" என்றார். நியாயமான கேள்விதான். அதனால் இந்த அறை.

மார்ச் 4

மேஸ்திரி போன் பண்ணினார். "அக்கா, அந்தச் சுவத்துல கேஸ் மீட்டரும் கரண்ட் மீட்டரும் இருக்கே, ரெண்டும் ரூமுக்குள்ள மாட்டிக்கும். படுக்கிற ரூம்ல கேஸ் மீட்டர் இருக்கக் கூடாது. முன்பக்கம் மாத்திக் குடுங்க, அப்புறம்தான் நான் மண்வெட்டியைத் தொடுவேன்."

ஆக, இவர் போவதற்கு முன்னால் மீட்டர்கள் போக வேண்டுமாம்.

மார்ச் 11, புதன்

கேஸ் கம்பெனியில், கரண்ட் மீட்டர் எங்கே வருகிறது என்று தெரிந்தால்தான் இடம் சொல்ல முடியும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டுமாம். கரண்ட் ஆபீசில், கேஸ் மீட்டர் எங்கே வருகிறது என்று கேட்டார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டீங்களா?"

"அந்த வழக்கம் இல்லைங்க மேடம்."

எங்கள் வீட்டிலும் இல்லை.

மார்ச் 14, சனி

இவரே ஒரு வழி சொன்னார். நாமே இடம் குறித்து, படம் எடுத்து, இரண்டு பேருக்கும் அனுப்பிவிடலாம் என்று. முன்சுவரில் நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன், இவர் மறுமுனையைப் பிடித்தார். "மேல தூக்கு. இன்னும். போதும்." இன்று முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். சாக்பீஸால் இரண்டு கட்டம் போட்டு 'கேஸ்', 'கரண்ட்' என்று எழுதினார். கையெழுத்து அழகு.

மார்ச் 18

இரண்டு பேருமே ஒத்துக்கொண்டார்கள். நம்ப முடியவில்லை.

மார்ச் 26, வியாழன்

கரண்ட்காரர் வந்தார். தனி வாசல் வருவதைப் பார்த்துவிட்டு, "ஒரே கனெக்‌ஷனா, தனித்தனியா?" என்றார்.

"தனி" என்றேன் நான். "ஒண்ணு" என்றார் இவர். இரண்டும் ஒரே நேரத்தில்.

கரண்ட்காரர் கொஞ்ச நேரம் தன் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போதைக்கு இருக்கிறதை மாத்திடறேன். ரெண்டாவது வேணும்னா பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

மாலை மகள் போன் செய்தாள். "எதுக்கும்மா இந்த வயசுல வீட்டை இடிக்கிறீங்க?" கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சொன்னேன். பொய் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கேஸ்காரர் பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன் ஏதோ கருவியை மாட்டிச் சோதித்தார். முள் மெல்ல இறங்கியது. உள்ளே வந்து தேடினார். அடுப்புக்குப் பின்னால் குழாய் சேரும் இடத்தில் கசிவு. ரொம்ப நாளாகவே இருந்திருக்குமாம்.

"வாடை எதுவும் வரலையா மேடம்?"

போன வருஷம் இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கிச்சனில் என்னவோ வாடை வருகிறது, வாடை வருகிறது என்று. என் சமையலைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்து, "அப்ப நீங்களே சமைச்சுக்கோங்க" என்றேன். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டார். எனக்கு அடிக்கடி வரும் தலைவலிக்குக் காரணம் இவர்தான் என்று டாக்டரிடமே சொல்லியிருக்கிறேன்.

இப்ப சொல்லுவார் — நான் அப்பவே சொன்னேனேன்னு. சொல்லட்டும். சொல்லித் தொலைக்கட்டும்! காலையிலிருந்து காத்துக்கிட்டிருக்கேன். சாப்பிடறார், கை கழுவறார், பேப்பர் பாக்கறார். ஏன் சொல்ல மாட்டேங்கறார்? என்ன மனுஷன் இவர்?

ஏப்ரல் 3

நானே கேட்டுவிட்டேன். "ஏன் சொல்லிக்காட்டலை?"

"எதை?"

"வாடையை."

பேப்பரை மடித்து வைத்தார். "நீ கோவிச்சுக்கிட்டேன்னு நான் சொல்றதை நிறுத்திட்டேன். நிறுத்தியிருக்கக் கூடாது. நீ பாட்டுக்கு உள்ள நின்னுட்டு இருக்கே, ஏதாவது ஆயிருந்தா —"

எழுந்து சந்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். நேற்றுக் கேஸ்காரர் கழற்றிக்கொண்டு போன மீட்டர் இருந்த இடத்தில் சுவரில் ஒரு ஓட்டை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 15, புதன்

குழாய் மாற்றி, புது இடத்தில் மீட்டர் வைத்து, கேஸ் திறந்துவிட்டார்கள். இத்தனை நாளும் கரண்ட் அடுப்பில் இவர்தான் சமைத்தார். சுமார்.

தலைவலி வரவில்லை. ஆனால் தனியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படியேதான் இருக்கிறது. அது கசிவால் வந்தது இல்லை போல. மேஸ்திரியை வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

மே 30, சனி

அறை தயார். இவர் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு சத்தம் இல்லை. சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திறந்தபோது வெளியே இவர் பெட்டியோடு நிற்கிறார்.

"பெட்டியை வீட்டுக்குள்ளயே திரும்பக் கொண்டு போங்க. இங்க நான் இருந்துக்கறேன்."

"நான்தானே போறதா —"

"நீங்க போகணும்னு இல்லைங்க. எனக்குன்னு ஒரு கதவு வேணும். அவ்வளவுதான்."

பெட்டியைக் கீழே வைத்தார். புதுச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு தாழ்ப்பாளோட முடிஞ்சிருக்குமே."

இருக்கலாம். ஆனால் எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூன் 3

கரண்ட் ஆபீசில் கேட்டார்கள். இரண்டாவது மீட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

மாலை கதவு தட்டும் சத்தம். இத்தனை வருஷத்தில் இவர் எந்தக் கதவையும் தட்டி நான் பார்த்ததில்லை.

"யாரு?" என்றேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

"நான்தான். உள்ள வரலாமா?"

இரண்டு கையிலும் டீ. இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். டீயில் சர்க்கரை அதிகம். சொன்னேன்.

"சரி, நாளைக்குக் குறைச்சுப் போடறேன்" என்றார்.

நாளைக்கும் வருவார் போலிருக்கிறது. இன்னொரு நாற்காலி வேண்டும்.