பின்கட்டு மரமும் நகரசபை நோட்டீசும்

ராமநாதபுரம், கோயமுத்தூர்
19-11-1961

சிரஞ்சீவி ராமாமணிக்கு அப்பா எழுதுவது. நான் நலம்தான், சளிகூட இல்லை. டில்லியில் குளிர் தொடங்கிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தான். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வெறும் தலையோடு நடந்து வராமல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வருகிறாய், நீயும் நலம் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். உன் கடிதம் மூன்றும் வந்தன கண்ணு. பதில் போடாதது மறதியால் இல்லை. எழுத வேண்டியது ஒன்று இருந்தது, அதை எழுதாமல் மற்றதை எழுத வரவில்லை. உன் பெரியம்மா மகள் வெங்கடலட்சுமிக்கு ஆனைமலைப் பக்கம் இடம் முடிவாகியிருக்கிறது, தை மாதம் கல்யாணம். உனக்கு எப்போது என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள், அவள் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

ஆடிக் காற்றில் நம் பின்கட்டுத் தூங்குமூஞ்சி மரம் வேரோடு அசைந்து, அடுத்த வீட்டு பஷீரின் ஓட்டுக் கூரை மேல் சாய்ந்து நின்றது. அவர்கள் சமையலறை சரியாக அதன் கீழே. தகரப்பெட்டி செய்கிற மனிதர், சத்தமாகப் பேசவே தெரியாதவர், இரண்டு முறை வந்து, ஏனுங்க, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நகரசபை ஓவர்சியர் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்து நோட்டீஸ் கொடுத்தார். நம் எல்லைக்குள் நிற்கிற மரமானாலும் அடுத்த வீட்டின் மேல் சாய்ந்துவிட்டால் நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாதாம். நகரசபையில் பெயர் பதிந்த ஆளைத்தான் வைக்க வேண்டும், அவர் இடுப்பில் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும், கீழே இரண்டு பேர் நிற்க வேண்டும், மீறி ஏதாவது நேர்ந்தால் வீட்டுக்காரர்தான் பொறுப்பு. அதன் அடியில், தெற்குக் கவட்டுக் கிளை உள்ளே உளுத்திருக்கிறது, அதில் ஆள் ஏறக்கூடாது என்று கையால் எழுதியிருந்தார். அதை நான் நன்றாகப் படித்தேன் அம்மணி. படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பெயர் பதிந்தவர்களில் ரசாக் என்பவர் நல்ல வேலைக்காரர் என்று பஷீர் சொன்னார். போய்க் கேட்டேன். ஆறு பேரோடு வருகிறேன், ஒரு காலைப் பொழுதில் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்று திரும்பிவிட்டேன். மறுநாள் பாலுசாமி என்று ஒருவர், சென்னிமலைக்காரர், நாற்பது வயதிருக்கும், தோளில் கோடாலியோடு தெருவில் வேலை கேட்டுக்கொண்டு வந்தார். மரத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தனி ஆளுங்க, நாலு நாள் ஆகுமுங்க என்றார். அந்த நாலு நாள் என்ற வார்த்தைக்காகத்தான் நான் சரி என்றேன். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்குள் நாலு நாள் சேர்ந்தாற்போல் இன்னொரு மனிதரின் குரல் கேட்டதில்லை. பால்காரர் வாசலோடு போய்விடுகிறார். மில்லை விட்டு வந்த பிறகு அங்கிருந்தும் யாரும் வருவதில்லை. இதை உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் பாலுசாமி என்னைக் கேட்டார், "முனிசிபாலிடியில ஏதாச்சும் சொல்லியிருக்காங்களாங்க?" என்று. ஒன்றும் இல்லை என்றேன். நோட்டீஸ் என் சட்டைப் பையில் இருந்தது.

முதல் நாள் சிறு கிளைகளைக் கழித்தார். மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார், ரசம் நன்றாயிருக்கிறது என்றார், சென்னிமலையில் அவர் மனைவி பாவாத்தாள் தறியில் பெட்ஷீட் நெய்வதைப் பற்றிச் சொன்னார், நானும் என்னென்னவோ பேசினேன். இரண்டாம் நாள் காலையில் அவர் தெற்குக் கவட்டில் கால் வைப்பதைப் பார்த்துக்கொண்டு கீழே நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சொன்னால் பொய் வெளியாகிவிடுமே என்று ஒரு கணம் தயங்கினேன், அந்த ஒரு கணத்தில் கிளை பிளந்து அவர் கீழே விழுந்துவிட்டார். பஷீர்தான் சுவரேறிக் குதித்து ஓடி வந்தார். இருவருமாகத் தூக்கி ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தது. ஓவர்சியர் விசாரிக்க வந்தபோது, தானாக ஏறினார் என்று சொல்லிவிடுங்கள் என்று தெருவில் ஒருவர் காதோடு சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை, நோட்டீசை மறைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விதித்த அபராதத்தைக் கட்டினேன். பிறகு ரசாக்கின் ஆட்கள் வந்து, கயிறு கட்டி, கீழே ஆள் நிறுத்தி, பத்து மணிக்குள் மரத்தை இறக்கிவிட்டுப் போனார்கள். பஷீர் வீட்டில் ஒரு ஓடுகூட உடையவில்லை.

மாவுக்கட்டை வாராவாரம் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்ததால் பாலுசாமியை நம் முன்னறையிலேயே வைத்துக்கொண்டேன். பாவாத்தாள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவாள். நான் சமைத்தேன், துணி துவைத்தேன், பேப்பர் படித்துக் காட்டினேன். அவருக்கு வலி இருந்த நாட்களில், இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருப்பார் என்று எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது ராமாமணி, அதுதான் என்னை இப்போதும் அறுக்கிறது. ஒரு நாள் தாங்க முடியாமல் நோட்டீசை எடுத்து அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "இதைக் கேட்டிருந்தாலும் ஏறியிருப்பனுங்க. அந்தக் கவட்டுக்குப் போயிருக்கமாட்டனுங்க" என்றார். அதன் பிறகும் என் கையால் சாப்பிட்டார். ஆனால் தறியைப் பற்றியோ ஊரைப் பற்றியோ எதுவும் பேசவில்லை.

போன வியாழக்கிழமை மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் சற்றுக் குட்டையாகி, கணுக்கால் மடங்கவில்லை. இப்படி ஆனதை நாளாக நாளாகச் சரிசெய்ய முடியுமா என்று உங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைக் கேட்டு அவசியம் எழுது. மரம் ஏற முடியாது என்று இங்கே சொல்லிவிட்டார்கள். பாவாத்தாள் அழைத்துப்போக வந்தபோது, பின்னறை இரண்டும் சும்மாதான் கிடக்கின்றன, தறியை இங்கேயே போட்டுக்கொண்டு நீங்கள் இருவரும் இருந்துகொள்ளலாம், எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே, முகத்தில் கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள்: "இத்தனை நாள் பார்த்துக்கிட்டீங்க, இல்லைன்னு சொல்லலீங்க. பேச்சுத் துணை வேணுமுன்னா உங்க மக இருக்குதுங்களே, அதையக் கூப்பிடுங்க. நாங்க எங்க ஊட்டுக்குப் போறமுங்க." பாலுசாமி என் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். பஸ் ஏற்றிவிட பஷீர் கூடப் போனார். என்னை வர வேண்டாம் என்றுவிட்டாள்.

சென்னிமலையில் உட்கார்ந்தே செய்கிற வேலையாக அவருக்கு ஏதாவது ஏற்பாடு செய்யப் பழைய மில் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன், பாலுசாமி அதை ஏற்றுக்கொள்வாரோ என்னவோ தெரியாது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. நர்ஸ் படிப்புக்குப் போனாய் என்று எட்டு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தவன் நான், உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு வாயில்லை என்று இத்தனை வருஷமும் கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கிறேன். தை மாதம் பத்து நாள் லீவு கேட்டுப் பார் கண்ணு. கல்யாணத்துக்காக இல்லை, என்னைப் பார்க்க. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. நோய் நொடி இல்லாமல், உன் கைபட்டவர்கள் எல்லோரும் குணமாகி வீடு திரும்ப, நீ நீண்ட காலம் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா திருமலைசாமி